அர்மானின் கோடு

"தாடையை ஆட்டாதே, வெட்டிடும்," என்றாள் ஒடில்.

அர்மான் ஆட்டவில்லை. நெஞ்சுதான் ஆடிக்கொண்டிருந்தது. மூச்சு அவனைத் தூக்கிப் போடும்போதெல்லாம் கத்தியை விலக்கி, அது அடங்கும்வரை பொறுத்திருந்து, மறுபடி கன்னத்தில் வைத்தாள். கன்னம் உள்ளே ஒட்டிப்போயிருந்ததால் பள்ளத்து மயிருக்குக் கத்தி எட்டவில்லை. நாக்கால் உள்ளிருந்து தள்ளச் சொன்னாள். தள்ளினான்.

"மீசைய விட்டுடு. ரெமோனுக்கு என்னை மீசையோடதான் பழக்கம்."

"ம்."

"வர்றேன்னு சொன்னானா?"

"சொன்னார்."

"குரல் எப்படி இருந்துச்சு?"

ஒடில் கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். "ஃபோன்ல குரல் எப்படி இருக்கும்? குரல் மாதிரி இருந்துச்சு. கலெக்‌ஷன் வாரமாம், தலைக்கு மேல வேலையாம். முடிஞ்ச உடனே வர்றேன்னார்."

அவள் ஃபோன் செய்யவே இல்லை.

செய்வதற்காகத்தான் காலையில் இறங்கிப் போனாள். தெருமுனைக் காப்பிக் கடையில், கழிப்பறைக்குப் போகும் வழியில் இருக்கும் ஃபோனுக்கு முன்னால் நின்றாள். பத்திரிகை அலுவலகத்தின் எண் அவளுக்கு மனப்பாடம். முதல் எண்ணைச் சுழற்றினாள். அதற்கு மேல் விரல் போகவில்லை. ரிஸீவரை மாட்டிவிட்டு, கவுன்ட்டரில் ஒரு கறுப்புக் காப்பி வாங்கி, நின்றபடியே நிதானமாகக் குடித்தாள். பிறகு ஆறு மாடியும் ஏறி வந்து, "வர்றார்," என்றாள். பொய் அவ்வளவு லேசாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் நேற்றே கைப்பையை மூடிவிட்டார். "இனிமே அவர் கேக்கிறதைக் குடுங்க, மதாம்," என்று வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னார். அர்மான் கேட்டது ஒன்றே ஒன்று. ரெமோன் லகார்த்தைப் பார்க்க வேண்டும்.

சாகப்போகிறவன் கேட்கிறான் என்பது ஒடிலுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஆள் இந்த மாடிப்படியில் ஏறி, இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுது, லேசான மனசோடு இறங்கிப் போவதை நினைத்தாலே அவளுக்குப் பொறுக்கவில்லை. கழுவி விட்ட மாதிரி போவான். போய் ராத்திரி நன்றாகத் தூங்குவான்.

ஒரு காலத்தில் ரெமோன் பாதி நாள் இந்த வீட்டில்தான் இருப்பான். பத்திரிகையில் படங்களுக்குப் பொறுப்பு அவன், வரைகிறவன் அர்மான். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆடை மாளிகைகள் தங்கள் புதிய உடைகளைக் காட்டும் கலெக்‌ஷன் வாரத்தில், இருவரும் மெல்லிய தங்க நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கூடத்துக்குள் பென்சில் எடுக்கக் கூடாது. எடுத்தால் திருட்டுப் படம் வரைகிறான் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். மாடல் பெண்கள் நடந்து போகப் போக, அர்மான் கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பான். பத்திரிகைப் பக்கத்துக்கு ஏற்ற உடை வந்தால் ரெமோன் முழங்கையால் ஒரு இடி இடிப்பான். அவ்வளவுதான் குறிப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பசியோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் அர்மான் தூரிகையை மையில் தோய்ப்பான். பார்த்ததெல்லாம் மணிக்கட்டு வழியாக இறங்கும். ஒரே இழுப்பில் முதுகு. இன்னொரு இழுப்பில் பாவாடை விழுகிற விழுகை. முகத்துக்கு இரண்டு புள்ளி போதும் அவனுக்கு.

துணி விழுவதைச் சரிபார்க்க ஒரு உடம்பு வேண்டும். ஒடில் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலின்மேல் நிற்பாள்.

"ஒடில், தோளை இறக்கு. நீ மகாராணி. மீன் விக்கிறவ மாதிரி நிக்காத," என்பான் ரெமோன், வாய் நிறைய ரொட்டியோடு.

"மீன் விக்கிறவ கையால அறை வாங்கியிருக்கியா? வாங்கிப் பாக்கிறியா?"

சிரிப்பில் அர்மானின் கை ஆடும். ரெண்டு பேரையும் வெளியே போகச் சொல்வான். யாரும் போக மாட்டார்கள். வெங்காய சூப் ஆறிப்போகும்.

பிறகு ஒரு இலையுதிர் காலக் கலெக்‌ஷனில் அந்தச் சாம்பல் நிறக் கோட்டு வந்தது. பத்திரிகைகள் அதன் படத்தை வெளியிட அனுமதி கிடைக்கும் முன்பே, கடலுக்கு அந்தப் பக்கம் மலிவு விலைக் கடைகளில் அதே கோட்டு தொங்கியது. யாரோ படம் வரைந்து விற்றிருந்தார்கள். விற்ற படம் ஆடை மாளிகையின் கைக்குக் கிடைத்தது. வழக்கறிஞரோடு வந்து ரெமோனின் மேஜையில் வைத்தார்கள். அர்மானையும் வரச் சொன்னார்கள்.

அர்மான் பார்த்த உடனே கண்டுகொண்டான். அது அவன் அவசரமாக வரைந்த முதல் படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து யாரோ படியெடுத்தது. முதல் படத்தில் அவன் ஒரு தப்பு செய்திருந்தான். தோளில் தையலே இல்லாத கோட்டுக்குத் தையல் போட்டுவிட்டான். பிறகு திருத்தி வேறு படம் வரைந்து கொடுத்தான். தப்பான படம் ரெமோனின் மேஜை இழுப்பறையில் கிடந்தது. ரெமோனின் மனைவியின் தம்பி அந்த அலுவலகத்திலேயே வேலைக்கு இருந்தான். அடுத்த மாதமே அவன் பெல்ஜியத்துக்குப் போய்விட்டான்.

"இது யாரு கை, முசியே லகார்த்?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

ரெமோன் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அர்மானோட கோடு," என்றான்.

பொய்யென்று சொல்ல முடியாது. கோடு அர்மானுடையதுதான். அர்மான் தையலைக் காட்டினான், இழுப்பறையைச் சொன்னான். அப்படி ஒரு படம் உங்களிடம் இருந்ததா என்று அவர்கள் ரெமோனிடம் கேட்டார்கள். "ஞாபகம் இல்லை" என்றான். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

அதற்குப் பிறகு எந்த மாளிகையின் கதவும் அர்மானுக்குத் திறக்கவில்லை. பத்திரிகைகள் கூப்பிடவில்லை. பெரிய கடைகளின் விலைப் புத்தகங்களுக்குக் கச்சை, உள்பாவாடை, கால்மேஜோடு என்று வரைந்து கொடுத்தான். படத்துக்கடியில் பெயர் போடக் கூடாது என்பது நிபந்தனை. ஈரம் சொட்டும் ஒரு கிடங்கின் பின்னறையில் உட்கார்ந்து குளிர்காலம் குளிர்காலமாக வரைந்தான். நெஞ்சில் சளி கட்டியது அங்கேதான்.

ஒடில் எதையும் மறக்கவில்லை. துணி இஸ்திரி போடும்போது, சூடான பெட்டிக்கு அடியில் ரெமோனின் விரல்களை மனசுக்குள் வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை மெட்ரோ நடைமேடையில் நேருக்கு நேர் வந்து தொப்பியைத் தூக்கினான். இவள் தொப்பியையும் பார்க்கவில்லை, தலையையும் பார்க்கவில்லை. பின்னாலிருந்த சோப்பு விளம்பரத்தைப் படித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் கீழ்வாசல் அறையில் இருக்கும் மதாம் புலேன் கஷாயம் மாதிரி எலும்பு சூப் வைத்து எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தாள். கட்டடத்தைப் பெருக்கி, தபால் கொடுத்து, எல்லார் கதையும் தெரிந்து வைத்திருப்பவள்.

"அடேயப்பா! முசியே வெசியே மாப்பிள்ளை மாதிரி இருக்கார்! எந்தப் பொண்ணு வர்றா?"

"பொண்ணு இல்ல மதாம்," என்றான் அர்மான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "பழைய பாவம் ஒண்ணு வருது."

"ஐயோ, என்னோட பாவமெல்லாம் ஆறு மாடி ஏறாது. கீழேயே உக்காந்துக்கும்." அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போக, மதாம் புலேன் கிண்ணத்தை வைத்துவிட்டு ஒடிலைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சூப் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

மாடிப்படியில் யாராவது ஏறினால் அவன் முகம் கதவுப் பக்கம் திரும்பும்.

"அவனா?"

"மூணாவது மாடி பல் டாக்டர்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "இது?"

"யாரோ பெண்பிள்ளை. குதிகால் சத்தம் கேக்கலையா?"

"ரெமோன் நாலாவது மாடியில நின்னு மூச்சு வாங்குவான்," என்றான். "நின்னுட்டு, விசில் அடிச்சிட்டு, அப்புறம்தான் ஏறுவான். விசில் கேட்டா சொல்லு."

ஒடில் கம்பளியை இழுத்துவிட்டாள். இழுத்துவிட வேண்டியதே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"வந்தா என்ன கேக்கப் போற?" என்றாள். கேட்டிருக்கக் கூடாது. வாய் கேட்டுவிட்டது.

"இந்த வருஷம் இடுப்பு எங்கன்னு கேக்கணும்."

"என்னது?"

"போன வருஷம் உடையில இடுப்பை மேல தூக்கினானுங்க. அதுக்கு முந்தி கீழ இறக்கினானுங்க." மூச்சு. "இந்த வருஷம் எங்க வச்சிருக்கானுங்கன்னு தெரியல. கச்சை வரையறவனுக்கு யாரு சொல்றா?"

"அதுக்கா அவரைக் கூப்பிடச் சொன்ன?"

அர்மான் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவள் விளக்கைப் போட எழுந்தபோது, "வரமாட்டான்போல," என்றான். "நீ சொல்லிடு."

"என்னன்னு?"

"என் மனசுல ஒண்ணும் இல்லன்னு. அன்னைக்கு அவன் ரொம்பப் பயந்துட்டான், ஒடில். மேஜைக்கடியில கை நடுங்கினதை நான் பாத்தேன். வேலை போயிருக்கும். ரெண்டு குழந்தைங்க."

"உனக்கு வேலை போகலையா?"

"எனக்குக் கை இருந்துச்சே."

"அந்தக் கையால கச்சை வரஞ்ச," என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. "பேரில்லாம. ஈரச் சுவத்துல முதுகை வச்சுக்கிட்டு."

"நல்ல கச்சை," என்றான் அர்மான். "சொல்றியா?"

அவன் கண் அவள்மேல் நிலைத்திருந்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் ஸ்டூலில் ஏறி நின்ற நாட்களிலிருந்தே அவளால் அசைய முடிந்ததில்லை.

"சொல்றேன்," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் கனமான காலடி கேட்டது. நாலாவது மாடியில் நின்றது. அர்மான் தலையைத் தூக்கப் பார்த்தான்.

"வந்துட்டான்," என்றான், சிறுபிள்ளை போல.

மதாம் புலேன் கரி வாளியோடு உள்ளே வந்தாள். வாளியை அடுப்போரம் வைத்து நிமிர்ந்தவள், கட்டிலைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒடில் திரும்பினாள். அர்மானின் முகம் கதவை நோக்கித் திரும்பியபடியே இருந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. நெஞ்சு ஆடவில்லை.

மதாம் புலேன் அழுதுகொண்டே டாக்டரைக் கூட்டி வரப் போனாள். ஒடில் அழவில்லை. கண்களை மூடினாள். தாடையைத் துணியால் கட்டிச் சிறிது நேரம் வைத்திருந்தாள். கதவைப் பார்த்திருந்த தலையை இரண்டு கைகளாலும் பிடித்து நேராக்கினாள். அது எளிதாகவே திரும்பியது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, தெருமுனைக்குப் போனாள்.

இந்தத் தடவை விரல் தயங்கவில்லை. அலுவலகப் பெண், முசியே லகார்த் கலெக்‌ஷனில் இருக்கிறார், தொந்தரவு செய்ய முடியாது என்றாள்.

"ஆள் அனுப்புங்க. அர்மான் வெசியே கூப்பிடறார்னு சொல்லுங்க. அது போதும்."

இனி வரட்டும்.

அவன் வந்தான். விசில் கேட்கவில்லை. நாலாவது மாடியில் நிற்கவும் இல்லை. ஒடில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். தொப்பி இல்லாமல், கோட்டுப் பொத்தான் போடாமல், கையில் கலெக்‌ஷனின் அழைப்பு அட்டை கசங்கிப்போயிருக்க, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. எப்போதும் குண்டாக இருந்த ஆள் பாதியாகியிருந்தான்.

"ஒடில், சொன்ன உடனே எழுந்து வந்துட்டேன். கடைசியில வர்ற கல்யாண உடையைக்கூடப் பாக்காம எழுந்து... எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எப்படி இருக்கான்?"

"உள்ள வாங்க, முசியே லகார்த்."

'வாங்க' என்றதில் அவன் முகம் சுருங்கியது. ஆனால் வந்தான். படுக்கையறை வாசலில் நின்றுவிட்டான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டதை ஒரு துளி விடாமல் பார்த்தாள்: முதலில் கண் கலங்கியது, பிறகு வாய் கோணியது.

"எப்போ?" என்றான்.

"இப்பத்தான். கொஞ்சம் முந்தி வந்திருந்தா."

கட்டிலோரம் மண்டியிட்டான். அர்மானின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அழுகைக்கு நடுவில் ஏதேதோ பேசினான். பாதி புரியவில்லை. பிறகு ஒன்று தெளிவாகக் கேட்டது.

"இந்த வருஷம் இடுப்பே இல்லடா, அர்மான். எடுத்தே போட்டானுங்க. சாக்கு மாதிரி தொங்குது. நீ பாத்திருந்தா சிரிச்சு செத்திருப்ப."

ஒடில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ரெமோன் கன்னத்தைத் தொட்டான். "சவரம் பண்ணியிருக்கான்," என்றான், ஆச்சரியத்தோடு. "யாருக்காக?"

"டாக்டருக்காக."

"அவன் என்னைக் கூப்பிட்டதா சொன்னாங்களே."

"நான்தான் கூப்பிட்டேன். நீங்க பாக்கணும்னு."

அவன் மண்டியிட்டபடியே அவளை நிமிர்ந்து பார்த்தான். "என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா? ஒரு வார்த்தை?"

அடுப்பில் கரி சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"இல்ல," என்றாள் ஒடில். "இந்த வீட்டுல உங்க பேரை எடுக்கிறதில்ல."

அவன் தலையை ஆட்டினான். எழுந்திருக்க இரண்டு முறை முயன்று, கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தான். அவள் கை கொடுக்கவில்லை. படியிறங்கும் சத்தம் கடைசிவரை கேட்டது. அவள் கதவைச் சாத்தவில்லை.

இனிக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தாள். சவரக் கிண்ணத்துத் தண்ணீரின்மேல் நுரையும் நரை மயிரும் மிதந்துகொண்டிருந்தன. அதைக் கொட்டுவதற்கு அவளுக்கு ரொம்ப நேரமாயிற்று.

அடக்கத்தன்று மழை பிடித்துக்கொண்டது. ஊருக்கு வெளியே இருந்த கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்: மதாம் புலேன், பல் டாக்டர், விலைப் புத்தகக் கிடங்கிலிருந்து இருவர். பூவளையம் ஒன்று முன்பே வந்து காத்திருந்தது, வெள்ளை லில்லி, குறுக்கே பத்திரிகையின் பெயர் பொறித்த ஊதா நாடா.

"பூ இருக்கட்டும்," என்று ஒடில் சவ அடக்கக்காரரிடம் சொன்னாள். "பேரை எடுத்துடுங்க."

அவர் நாடாவை அவிழ்த்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் பாக்கெட்டிலேயே திணித்துக்கொண்டார். ஐந்தாறு கல்லறைகளுக்கு அப்பால் ரெமோன் நின்றுகொண்டிருந்தான். குடை இல்லை. கலெக்‌ஷன் வாரம் இன்னும் முடியவில்லை; அவன் வேறெங்கோ தங்க நாற்காலியில் இருக்க வேண்டிய நேரம். நாடா அவிழ்வதைப் பார்த்தான். போகவில்லை.

மண் விழுந்து முடிந்ததும் ஒவ்வொருவராகக் கை குலுக்கிவிட்டு நகர்ந்தார்கள். கடைசியாக அவன் வந்தான்.

"மதாம்," என்றான். பிறகு, "ஒடில். திட்டியிருந்தா அதையாவது சொல்லு. ஒரு மனுஷன் சாகும்போது... என்னைத் திட்டக்கூடவா இல்ல?"

முகத்தில் வழிந்தது மழையா என்று சொல்ல முடியவில்லை. அர்மான் சொல்லச் சொன்னது அவள் நாக்கு நுனியில் இருந்தது. நாலே நாலு சொல். வாயைத் திறந்தாள். குளிர் உள்ளே போயிற்று. பின்னறையின் ஈரச் சுவரும், அதில் சாய்ந்து சாய்ந்து வெள்ளை படிந்த அர்மானின் கோட்டு முதுகும் நினைவுக்கு வந்தன.

"சேறா இருக்கு," என்றாள். "பாத்து நடங்க."

சவ அடக்கக்காரர்களின் கறுப்புக் காரில் பின்னால் அவளும் மதாம் புலேனும் ஏறிக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். கார் வாயிலைத் தாண்டி மதிலோரச் சாலையில் திரும்பியபோது, முன்னால் ரெமோன் நடந்து போய்க்கொண்டிருந்தான். காலர் கழுத்தோடு ஒட்டியிருந்தது.

"யாரது, பாவம்?" என்றாள் மதாம் புலேன். கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "மெட்ரோ இங்கேருந்து எவ்வளவு தூரம்! நனைஞ்சு செத்துப்போவாரே. இடந்தான் இருக்கே, மதாம் வெசியே, ஏத்திக்கலாமா?"

ஓட்டுநர் அதைக் கேட்டு வேகத்தைக் குறைத்தார். தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் ஒடிலைப் பார்த்து, என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார். கார் ரெமோனுக்கு இணையாக மெதுவாக ஊர்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒடில் மடியிலிருந்த ஈரக் குடையை எடுத்து, நடுவிலிருந்த காலி இடத்தில் நீளவாக்கில் வைத்தாள்.